மர அம்பு வளைந்துவிட்டது, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சென்னையில் வாரக் கடைசியில் வில்வித்தை பழகுகிறேன். ஆகஸ்டில் கையால் செய்த மர அம்புகள் ஒரு டஜன் ஆன்லைனில் வாங்கினேன். தண்டு போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார். வந்தபோது நேராகத்தான் இருந்தன. நவம்பர் மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் ஐந்து வளைந்திருக்கின்றன. விற்றவர், "கையால் செய்தது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா, பேசாமல் கார்பன் அம்புக்கு மாறிவிடலாமா?

பதில்: மூன்று மாதம் அம்புகளை எங்கே வைத்திருந்தீர்கள்? அலமாரி மூலையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தால் உங்கள் வழக்கில் பாதி அங்கேயே போய்விட்டது.

போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார் அமெரிக்காவில் ஒரேகான், கலிபோர்னியா கடலோரத்தில் வளரும் மரம். பெயரில்தான் சீடார், உண்மையில் சைப்ரஸ் வகை. ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் கோடு, நேராக ஓடுவதால் அம்பு செய்கிறவர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம். ஆனால் எந்த மரமும் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். நீளவாக்கில் அது அதிகம் மாறாது, குறுக்குவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். ரேகை தண்டின் நீளத்துக்கு நேராக ஓடினால் பிரச்சினை குறைவு. சாய்வாக ஓடிப் பக்கவாட்டில் வெளியேறினால் ஒரு பக்கம் கூடுதலாக இழுக்கும், தண்டு வளையும்.

அதனால் அந்த ஐந்தையும் வெளிச்சத்தில் பிடித்து ரேகையைப் பாருங்கள். முனையிலிருந்து பின்பக்கம் வரை கோடு ஒழுங்காகப் போகிறதா, நடுவிலேயே தண்டை விட்டு வெளியே ஓடுகிறதா? வெளியே ஓடுபவை விற்றவர் தேர்விலேயே கழித்திருக்க வேண்டியவை. அவற்றை எய்யவும் கூடாது. எய்யும்போது அந்தச் சாய்வில் பிளந்தால் சிம்பு வில் பிடித்த கையில் பாயும்.

மற்றவற்றை நீங்களே நிமிர்த்தலாம். தச்சர் பலகையைப் பார்ப்பது மாதிரி ஒற்றைக் கண்ணை மூடி, அம்பைச் சுழற்றிக்கொண்டே நீளத்துக்குப் பாருங்கள். வளைவின் முதுகு எங்கே என்று தெரிந்ததும் அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. அந்த இடத்தை உள்ளங்கையால் சூடேறும் வரை அழுத்தித் தேய்த்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து, ஆறும் வரை பிடித்திருங்கள். அடங்காவிட்டால் ஹேர் டிரையர். கையில் தொட முடிகிற சூடு போதும். வார்னிஷ் கொப்புளித்தால் மரத்துக்கும் சூடு அதிகம் என்று அர்த்தம். அடுப்புத் தீ வேண்டவே வேண்டாம். மறுநாள் திரும்பப் பாருங்கள், கொஞ்சம் பழையபடி போயிருக்கும். மறுபடி செய்யுங்கள். மர அம்பு எய்கிறவர்களுக்கு இது வில்லில் நாண் ஏற்றுவது போல வழக்கமான வேலை.

நிமிர்ந்த பிறகு பூச்சைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் பளபளவென்று வார்னிஷ் இருக்கும், தண்டின் இரு நுனியும் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருக்கும். பலர் கோட்டை விடும் இடம் அதுதான். ஈரம் மிக வேகமாக ஏறுவது வெட்டுமுகத்தில். அடுத்த முறை முனையோ, நாணில் மாட்டும் பின்பக்க நாக்கோ (nock) மாற்றும்போது உள்ளே தெரியும் வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு வார்னிஷ் தொட்டு வையுங்கள். அம்புகளைப் படுக்க வைப்பதானால் மூன்று நான்கு இடங்களில் தாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் தொங்கவிடுங்கள். ஏசி அறை, பால்கனி என்று மாற்றி மாற்றி வைக்காதீர்கள்.

சரி, பணம். பொருளில் குறைபாடு இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி புகார் செய்யலாம். வைத்திருந்த விதத்தால் வளைந்ததை அதில் சேர்க்க முடியாது. ரேகை வெளியேறும் அம்புகளுக்கு மட்டும், ரேகை தெளிவாகத் தெரியும் படங்களோடு மாற்றிக் கேளுங்கள். அதற்கும் "கையால் செய்தது" என்றே பதில் வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கையால் செய்ததற்கும் கண்ணால் பார்த்துப் பொறுக்காததற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த தடவை பார்சல் பிரித்த அன்றே ஒவ்வொன்றையும் கண்ணாடி மேஜையில் உருட்டி வீடியோ எடுத்துவிடுங்கள். தள்ளாடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கார்பன்? அது வளைந்தே நிற்காது, நேராக இருக்கும் அல்லது உடைந்திருக்கும். மழைக்காலம் முழுக்க அம்பைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையென்றால் தாராளமாக மாறுங்கள். ஆனால் உங்கள் வில் பழைய பாணி மரவில் என்றால் முதலில் பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.