மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தானா, 34 வயதில் குடல் புற்றுநோய் வருமா?

வரலாம். கும்பகோணத்திலிருந்து கேட்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். மேலைநாடுகளைவிட இந்தியாவில் இந்தப் புற்றுநோய் குறைவுதான், ஆனால் வந்தவர்களை எடுத்துப் பார்த்தால் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் பங்கு இங்கே அதிகம், அதிலும் மலக்குடலில் நிறைய, பல சமயம் டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தாலே தட்டுப்படும் இடம் அது. அந்தச் சோதனை செய்யாமல் மூலம் என்று எழுதிக் கொடுத்தால் நீங்களே கேளுங்கள், வெட்கமெல்லாம் வேண்டாம். மெடிக்கலில் களிம்பு வாங்கியே காலத்தை ஓட்டி, முற்றிய பிறகு வருகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம்.

அப்புறம், வலப்பக்கக் குடலில் வந்தால் ரத்தம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, சோகையும் அசதியும்தான் இருக்கும். வீட்டில் அம்மாவுக்கு அப்படி இருந்தால் நடவு வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள், கொலனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை) தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.