‘பாசிட்டிவ்’ என்றாலே நோயா?

கேள்வி: நர்சிங் சேர ரத்தம் கொடுத்தேன். ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆன்டி எச்.பி.எஸ். பாசிட்டிவ், 240’ என்று வந்திருக்கிறது. அம்மா தேயிலை பறிக்கக்கூடப் போகாமல் அழுகிறார். எனக்கு மஞ்சள் காமாலையா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இல்லைம்மா. முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது, கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதம். அது உங்களிடம் இல்லை. ஆன்டி எச்.பி.எஸ். அந்தக் கிருமியைத் தடுக்கும் எதிர்ப்புச் சக்தி. தடுப்பூசி முழுதாகப் போட்டவர்களுக்கு 10 இருந்தாலே போதும், உங்களுக்கு 240! குன்னூரில் என்னிடம் வருகிறவர்களும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்தே நடுங்கிப்போய், நான்காக மடித்த காகிதத்தை நீட்டுவார்கள். பக்கத்தில் எந்தப் பரிசோதனையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சரி, சின்ன வயதில் தடுப்பூசி போட்டதாக நினைவில்லையா? அதே கிருமியின் உட்பகுதிப் புரதத்துக்கு எதிரான சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டி எச்.பி.சி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தடுப்பூசியால் அது பாசிட்டிவ் ஆகாது. எப்போதாவது தொற்று வந்திருந்தால்தான் ஆகும்.