எலி சொறிவது குறைந்தால் அரிப்பு குறைந்ததாகுமா?

கேள்வி: நான் மருந்தியல் ஆய்வு மாணவி. சுண்டெலிகளின் பிடரியில் டிஎன்சிபி என்ற ரசாயனத்தின் கரைசலைத் திரும்பத் திரும்பப் பூசி எக்சிமா (அரிப்போடு வரும் தோலழற்சி) வரவழைத்து, எங்கள் களிம்பைத் தடவினோம். தடவிய எலிகள் குறைவாகவே சொறிகின்றன. களிம்பு அரிப்பைக் குறைக்கிறது என்று எழுதலாமா? நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்க்கும் இந்த ‘விலங்கு மாதிரி’ போதுமா?

பதில்: இப்போதைக்கு ‘சொறிதல் குறைந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். அரிப்பு என்பது உணர்வு. எலி அதை வாய்விட்டுச் சொல்லாது. தூக்கக் கலக்கத்தில் கிடக்கும் எலியும் சொறியாது, கால் சரியாக எழாத எலியும் சொறியாது. மருந்தே சேராத வெறும் களிம்புகூட வறண்ட தோலைப் பதமாக்கி அரிப்பைத் தணித்துவிடும். அதனால் வெறும் களிம்பு தடவிய குழு ஒன்று கட்டாயம் வேண்டும். நடமாட்டத்தையும் தனியாக அளந்துவிடுங்கள்.

அப்புறம், பிடரி. வாய் எட்டாது, களிம்பை நக்க முடியாது. அந்த வகையில் நல்ல இடம்தான். ஆனால் அங்கே வலித்தாலும் அரித்தாலும் எலி பின்னங்காலைத்தான் தூக்கும். டிஎன்சிபி ஒவ்வாமையோடு எரிச்சலும் தருகிற சரக்கு, அதுதான் சிக்கல். ஷிமாடா, லாமோட் என்ற ஆய்வாளர்கள் 2008இல் இதற்கு வழி காட்டினார்கள்: கன்னத்தில் ஊசி. அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் போட்டால் எலி பின்னங்காலால் சொறிகிறது. வலியைத் தரும் கேப்சைசின் (மிளகாயின் காரப்பொருள்) போட்டால் முன்னங்காலால் அந்தப் பக்கத்தை மட்டும் துடைத்துக்கொள்கிறது. ஒரு சின்னக் குழுவிலாவது இதைச் செய்து பாருங்கள். இரண்டு முன்னங்கால்களாலும் முகத்தைத் தேய்ப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது வழக்கமான சுத்தம் செய்தல்.

மாதிரிக்கு வருவோம். டிஎன்சிபி அடிப்படையில் தொடு ஒவ்வாமைக்கானது. வாரக்கணக்கில் பூசினால் அடோபிக் எக்சிமாவின் (ஒவ்வாமை உடல்வாகோடு வரும் நாள்பட்ட எக்சிமா) சாயல் வரும். கூடவே எம்சி903 மாதிரியிலும் சோதித்தால் உங்கள் முடிவுக்கு வலு கூடும். அது கால்சிபோட்ரியால்தான், சொரியாசிஸுக்குத் தரும் அதே மருந்து. ஆனால் சுண்டெலித் தோலில் டிஎஸ்எல்பி என்ற புரதத்தைச் சுரக்கவைத்து அழற்சியை உண்டாக்குகிறது. என்சி/என்கா என்ற வகைச் சுண்டெலிக்கு எக்சிமா தானாக வரும் என்று கேட்டிருப்பீர்கள். கிருமிகள் இல்லாத சுத்தமான கூடத்தில் வளர்த்தால் வராது. பலர் எலிகளை வாங்கிவைத்த பிறகே இதைக் கவனிக்கிறார்கள்!

ஒப்பீட்டுக்கு ஆண்டிஹிஸ்டமினை (ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து) மட்டும் வைக்காதீர்கள். அடோபிக் எக்சிமாவின் அரிப்புக்கு அது மனிதர்களிடமே சரியாக எடுபடுவதில்லை. பழைய வகைகளோ தூக்கத்தையும் தரும். ஸ்டீராய்டு களிம்பு வைக்கலாம்.

இதற்காக எலிச் சோதனையையே சந்தேகிக்க வேண்டாம். இன்டர்லூக்கின்-31 என்ற புரதத்தை மிகையாகச் சுரக்கும் எலிகள் ஓயாமல் சொறிந்து தோலழற்சிக்கு ஆளாவது 2004இல் தெரியவந்தது. அந்தப் பாதையை அடைக்கும் நெமோலிசுமாப் இன்று எக்சிமாவுக்கான மருந்து.

பதிவு செய்த வீடியோக்கள் இருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்து, கீழே வைக்கும்வரை ஒரு தடவை என்று கணக்கு. வேகத்தைக் குறைத்து ஓடவிட்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.