கன் வாங்க முதல் கொம்பிறசரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 18 அடி பைபர்கிளாஸ் வள்ளம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் மூடி, குறுக்குப் பலகைகள், அணியத்துப் பெட்டியின் மூடி, வெளிப்பக்கம் எல்லாம் நிறம் மங்கிப்போய்விட்டன. பிரஷ் கோடு தெரியாமல் ஸ்பிறே பண்ண ஆசை. மச்சானிடம் ஒன்றரைக் குதிரைவலு, 24 லீற்றர் கொம்பிறசர் சும்மா கிடக்கிறது. கடையில் எச்.வி.எல்.பி ஸ்பிறே கன் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், பாசையூர்

பதில்: தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் "உங்களிடம் என்ன கொம்பிறசர் இருக்கு?" என்று அவர் முதலில் கேட்டிருக்கவேண்டும்.

எச்.வி.எல்.பி என்றால் காற்று நிறைய, அழுத்தம் குறைவு. கன்னின் நுனியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது. அதனால் பெயின்ற் பொருளில் பட்டுத் தெறிக்காமல் அதிலேயே ஒட்டும். பழைய மாதிரிக் கன்னுக்கு 40, 50 பி.எஸ்.ஐ. கொடுப்போம். அதில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். கடற்கரையில் அந்தப் பாதி அடுத்தவருடைய வள்ளத்தில்தான் போய் இருக்கும், பிறகு சண்டை.

ஆனால் அந்தக் கன் காற்றைக் குடிக்கும். பெரும்பாலானவை நிமிடத்துக்கு 10 முதல் 14 கனஅடி கேட்கும். கொம்பிறசர் குதிரைவலு ஒன்றுக்கு 3, 4 கனஅடிதான் தரும். உங்களுடையது ஐந்தைத் தொட்டால் பெரிய காரியம். ஒட்டியிருக்கும் லேபிளில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அது பலதடவை பிஸ்ரன் இழுக்கும் கணக்கு, வெளியே வரும் கணக்கில்லை. தொட்டியில் சேர்ந்த காற்று இருக்கும்வரை அழகாக அடிக்கும். பிறகு அழுத்தம் விழும், புகைபோல வந்தது துளி துளியாக வரும், எஞ்சின் மூடி தோடம்பழத் தோல் மாதிரிக் காயும். நீங்கள் கன்னைத்தான் திட்டுவீர்கள்.

ஆகவே பெரிய கன் வேண்டாம். மினி கன் என்று ஒன்று இருக்கிறது. மேலே 125 மில்லிலீற்றர் அளவில் சின்னக் கோப்பை, நுனித் துளை 0.8 அல்லது 1.0 மில்லிமீற்றர். மூன்று முதல் ஐந்து கனஅடி காற்றோடு வேலை செய்யும். ஸ்ரான்லி வீதிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் காற்றுத் தேவை எத்தனை கனஅடி என்று போட்டிருப்பதை வாசிக்காமல் காசைக் கொடுக்கவேண்டாம். எஞ்சின் மூடி, பெட்டி மூடி, பலகைகள் எல்லாவற்றுக்கும் இது காணும். கோப்பையை நாலு தரம் நிரப்பவேண்டி வரும், பரவாயில்லை. பிறைமர் மட்டும் தடிப்பு. அந்தத் துளையால் ஒழுங்காக வராது. பிறைமரைப் பிரஷ்சால் பூசி, காய்ந்தபின் 320ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்துவிட்டு, மேல்பூச்சை மட்டும் ஸ்பிறே பண்ணுங்கள்.

கன்னுக்கு அடுத்ததாகக் காசு போடவேண்டியது தண்ணீர் பிரிக்கும் வடிக்கு. இதை நான் பட்டு அறிந்தவன். ஒரு மார்கழியில், இரவல் கொம்பிறசரால் என்னுடைய எஞ்சின் மூடிக்குக் கறுப்பு அடித்தேன். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் அம்மைத் தழும்புபோலக் கொப்புளம். தொட்டியின் அடித்திருகைத் திறந்தபோது ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு துருத்தண்ணீர் வந்தது. வாடைக்காற்றின் ஈரம் முழுவதையும் அந்தத் தொட்டி சேர்த்து வைத்திருந்தது. வடியைக் கொம்பிறசரோடு ஒட்டிப் பூட்டுவதிலும் பிரயோசனம் குறைவு. சூடான காற்றில் தண்ணீர் ஆவியாக வடியைத் தாண்டிப் போய்விடும். 25 அடிக் குழாய் போட்டு, காற்று ஆறிய பிறகு, கன் பக்கமாக வடியைப் பூட்டுங்கள். தொட்டியை ஒவ்வொரு நாளும் திறந்து வடியுங்கள்.

இன்னொன்று. உங்களுடையது மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால், அதே மண்ணெண்ணெயால் மூடியைத் துடைத்துவிட்டு அடிக்கத்தான் கை போகும். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். பெயின்ற் அதில் பிடிக்காமல் வட்டவட்டமாக விலகும். வெள்ளைக்காரன் அதற்கு மீன்கண் என்றுதான் பெயர் வைத்திருக்கிறான், எங்களுக்குப் பொருத்தமான பெயர். முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு தின்னர் தோய்த்த சுத்தமான துணி, அதன்பிறகுதான் அரத்தாள். இந்த ஒழுங்கை மாற்றித் தேய்த்தால் எண்ணெயை உள்ளே தேய்த்து இறக்குகிறீர்கள்.

அடிக்கும்போது கன் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த தூரத்தில் இருக்கட்டும். மணிக்கட்டைச் சுழற்றாமல் கை முழுவதையும் நேராக நகர்த்துங்கள். முந்திய கோட்டின் பாதியை அடுத்த கோடு மூடவேண்டும். காலையில் பனியீரம் காய்ந்த கையோடு தொடங்கி, சோளகம் எழும்ப முதல் முடித்துவிடுங்கள்.

வெளிப்பக்கத்துக்கு ஸ்பிறே வேண்டாம் என்பது என் முடிவு. திறந்த கரையில் 18 அடி நீளத்துக்கு உங்கள் கொம்பிறசர் தாங்காது. ஒருவர் சின்ன ரோலரால் மெல்லிசாகப் பூசிக்கொண்டு போக, பின்னாலே மற்றவர் நல்ல பிரஷ்சின் நுனியால் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தால் கோடு அநேகமாகத் தெரியாது. மச்சானையே கூப்பிடுங்கள். ஏயர்லெஸ் மெசின் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது காற்றில்லாமல் பெயின்றையே 2000 பி.எஸ்.ஐ.க்குக் கிட்ட அழுத்தி அடிக்கும் சாமான். பெரிய இழுவைப்படகுகளுக்குச் சரி. விரலில் பட்டால் பெயின்ற் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோலச் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆசுபத்திரிக்கு ஓடவேண்டும்.

கேள்வி: என்னுடைய அவர் வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் வள்ளச் சாமான்களுக்கு ஸ்பிறே அடிக்கிறார். ஹார்ட்னர் கலக்கும் இரண்டு ரின் பெயின்ற். கொரோனாக் காலத்து மாஸ்க் போடுகிறார். பிள்ளைக்கு ஒரு வயது. பயமாக இருக்கிறது.
– வாசகி ஒருவர், குருநகர்

பதில்: தங்கச்சி, நீங்கள் பயப்படுவது சரி. அந்த ஹார்ட்னரில் அநேகமாக ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கும். ஸ்பிறே பண்ணும்போது அது மூச்சோடு உள்ளே போய் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். ஒருவருக்கு அது ஒருதரம் ஒத்துக்கொள்ளாமல் போனால், பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். மணம் வரவில்லை என்பதால் இல்லை என்று நினைக்கவேண்டாம். கொரோனா மாஸ்க் இதற்கு ஒன்றும் செய்யாது. கரித்தூள் வடி, தூசி வடி இரண்டும் பூட்டிய ரப்பர் மாஸ்க்தான் ஆகக் குறைந்தது. தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயால் கொடுக்கும் மாஸ்க்தான் இதற்குச் சரியானது. அது இல்லாதவர் அந்தப் பெயின்றைப் பிரஷ்சால் பூசட்டும், அல்லது ஹார்ட்னர் இல்லாத ஒற்றை ரின் எனாமலுக்கு மாறட்டும். மினுக்கம் கொஞ்சம் குறையும், இரண்டு வருசத்தில் திரும்பப் பூச வரும், அவ்வளவுதான்.

விறாந்தையில் வேண்டவே வேண்டாம். நான் சொன்னதாக அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.