எவர்சில்வர் வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: கடலுக்கடியில் 1,800 வருடம் கிடந்த ரோமானியக் கண்ணாடியே கரையவில்லை. அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கி எஃகு உருளையில் ஊற்றிப் புதைத்தால் போதாதா? எதற்கு இத்தனை பயம்? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அந்தக் கண்ணாடி பிரான்ஸின் எம்பியே தீவருகே மூழ்கிய கப்பலில் கிடைத்தது. ஆராய்ந்தவர்களும் அதற்கு நல்ல மார்க்குதான் போட்டார்கள், சரி. ஆனால் அதை எஃகு எதுவும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கவில்லையே!

வீட்டு எவர்சில்வர் வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். உடம்பெல்லாம் பளபளக்கும், அடிவளையம் மடிகிற இடத்தில், உப்புத் தண்ணீர் தேங்கும் இடுக்கில் மட்டும், பழுப்பாக ஒரு கோடு ஓடும். எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம்தான், இடுக்குக்குள் ஆக்சிஜன் சரியாகப் போகாததால் அங்கே படலம் பிய்ந்தால் பிய்ந்ததுதான், அப்புறம் கரைந்து வரும் இரும்பும் குரோமியமும் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும், அது வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று இன்னும் அரிக்கும்.

2020 ஜனவரியில் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் காட்டியது இதைத்தான். எவர்சில்வரையும் கண்ணாடியையும் ஒட்டினாற்போல் வைத்து 90 டிகிரி சூட்டில் உப்புக் கரைசலில் 30 நாள் விட்டார்கள். எஃகு விட்ட அமிலம் பக்கத்திலிருந்த கண்ணாடியையும் சேர்த்துத் தின்றது. தனித்தனியே சோதித்தால் இரண்டும் சமர்த்துப் பிள்ளைகள்!

இப்போது அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கும் பிரான்ஸின் லா ஆக் ஆலையின் எவர்சில்வர் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றே கால் மீட்டருக்குச் சற்று மேல் உயரம், உள்ளே சுமார் 400 கிலோ கண்ணாடி, 1,100 டிகிரி சூட்டில் ஊற்றியது. ஆறும்போது கண்ணாடி விரிசல் விடும். இடுக்குக்குப் பஞ்சமே இல்லை.

அதற்காகப் புதைப்பதே பித்தலாட்டம் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். தண்ணீர் உள்ளே வந்தால்தான் இந்தச் சண்டையே தொடங்கும். புதைக்கும் இடத்தின் களிமண் பாறையும் உருளையின் வெளி உறையும் அதைத் தள்ளிப்போடத்தான். நான் குறை சொல்வது, கண்ணாடிக்கு ஒரு கணக்கு, எஃகுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியே போட்டுவிட்டு லட்சம் வருடத்துக்குக் கியாரண்டி தருவதைத்தான். கண்ணாடியே வேண்டாம் என்பவர்கள் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த அமெரிக்காவின் ஹான்ஃபோர்டைப் பார்க்கட்டும்: 177 நிலத்தடித் தொட்டிகளில் 20 கோடி லிட்டருக்கும் மேல் கழிவைக் கண்ணாடியாக்காமல் அப்படியே தேக்கினார்கள், முதல் தொட்டிகள் 1940-களில் கட்டியவை. நூறு வருடம் ஆவதற்குள்ளேயே பல ஒழுகிவிட்டன.