இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கை போனைத் தேடுகிறது

கேள்வி: எனக்கு வயது 43. ஒரு காலத்தில் நாவலைக் கையில் எடுத்தால் முடித்துவிட்டுத்தான் வைப்பேன். இப்போது இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கை போனுக்குப் போய்விடுகிறது. ஒரே பத்தியை நாலு தடவை படித்தாலும் மனதில் நிற்பதில்லை. சும்மா ஐந்து நிமிடம் உட்காரக்கூட முடியவில்லை. இது மறதி நோயின் தொடக்கமா? ஏ.டி.ஹெச்.டி. என்கிறார்களே, அந்தக் கவனக்குறைவுக் கோளாறாக இருக்குமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வாய்ப்பு குறைவு. மறதி நோய் பெரும்பாலும் வாசிப்பில் மட்டும் வந்து நிற்காது. சற்றுமுன் பேசியது மறக்கும், பழகிய வழி தவறும், கணக்கு வழக்கு குழம்பும். பல நேரம் உடனிருப்பவர்கள்தான் அதை முதலில் கவனிப்பார்கள். ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் நாவல்களை முழுதாகப் படித்தவருக்கு அது 43இல் புதிதாக முளைப்பதில்லை.

போனைக் குற்றம் சொல்லுமுன் கண்ணைப் பாருங்கள். 40ஐ ஒட்டி வெள்ளெழுத்து தொடங்கும். புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலோ, நல்ல வெளிச்சத்துக்குப் போனாலோ எழுத்து தெளிகிறதா? அப்படியானால் உங்களுக்கு முதல் மருந்து கண்ணாடி. போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அச்சுப் புத்தகத்தில் முடியாது. கண் படும் பாட்டை மனம் அலுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. இதைப் பலர் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து தூக்கம். ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் கவனம் நிற்காது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் பரிசோதனை தேவை. ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகளும் மந்தமாக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது பழக்கம். ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை அமைப்பு, பரிசு கையில் கிடைப்பதைவிட 'கிடைக்கலாம்' என்ற எதிர்பார்ப்புக்கு அதிகம் கிளர்ந்தெழும். போனில் ஒவ்வொரு முறையும் சுவாரசியமாக ஏதாவது கிடைப்பதில்லை. எப்போதாவது கிடைக்கிறது, கையை இழுப்பது அந்த எப்போதாவதுதான். நாவலின் முதல் பக்கங்களோ எதையும் தருவதில்லை, உங்களிடமிருந்து கேட்கின்றன: இவர் யார், அவருக்கு என்ன உறவு, இது எந்த ஊர். ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ள முடிவது ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான். போனை ஒரு பார்வை பார்த்தால் அவை கீழே விழுந்துவிடும். திரும்பி வந்து அதே பத்தியை முதலிலிருந்து படிப்பது இதனால்தான். நினைவாற்றல் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

சும்மா உட்கார முடியாமல் தவிப்பது உங்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், 15 நிமிடம் தனியறையில் எதுவும் செய்யாமல் இருக்கச் சொன்னார்கள். மின் அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்று மட்டும் பக்கத்தில் இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தித் தங்களுக்கே அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். சலிப்பு அவ்வளவு கசப்பானது. போன் அதிலிருந்து தப்பிக்கும் வழியை எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டது.

அதனால் போனை மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாது, அடுத்த அறையில் வையுங்கள். எழுந்து நடந்தால்தான் எடுக்க முடியும் என்றாகும்போது அனிச்சைச் செயல் ஒரு முடிவாக மாறுகிறது. நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும். முதல் வாரம் நாளுக்குப் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30 வரை போகலாம். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் படித்தே தீர்வேன் என்று தொடங்குபவர்கள்தான் அதிகம் கைவிடுகிறார்கள். ஏற்கெனவே பிடித்துப் படித்த நாவலையோ சிறுகதையையோ எடுங்கள். கடமைக்காக வாங்கிய கனமான புத்தகம் இப்போது வேண்டாம்.

தொடங்கிய சில நிமிடத்தில் ஒரு பரபரப்பு வரும். யாருக்கோ பதில் அனுப்பவில்லையே என்று தோன்றும். அதை ஒரு துண்டுத்தாளில் குறித்துவிட்டு உட்கார்ந்தே இருங்கள். வரி நழுவினால் அந்தப் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லுக்குப் பென்சிலால் கோடிடுங்கள், பொருளைப் பிறகு தேடலாம். ஒரு சொல்லுக்காகப் போனை எடுத்தவர் அரை மணி கழித்துத்தான் திரும்புவார். படுக்கையில் இந்தப் பயிற்சி வேண்டாம், தூக்கம் வந்துவிடும்.

திரையில் படிக்கலாமா என்ற கேள்வியும் வரும். 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான அலசலில், தகவல் சார்ந்த கட்டுரைகள் காகிதத்தில் கூடுதலாகப் புரிந்தன, குறிப்பாக நேர நெருக்கடியில். கதைகளில் வேறுபாடு தெரியவில்லை. எனவே வாசிப்புக்கென்றே உள்ள கருவியில் நாவல் படிப்பதில் தவறில்லை. போனில் வேண்டாம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரை நேரில் பாருங்கள். திடீரென ஒரே நாளில் எழுத்து புரியாமல் போனாலோ, வரியின் ஒரு பாதி தெரியாமல் போனாலோ காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாசிப்பு மட்டுமல்லாமல் முன்பு பிடித்த எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமில்லை, பசியும் தூக்கமும் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது இந்தப் பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.