தாமதமாக வந்து சேர்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து புத்த கயா, ராஜ்கிர், நாளந்தா, சாரநாத், குசிநகர் எல்லாவற்றையும் ஐந்து நாளில் பார்த்துவிட்டு வந்தோம். போன வருஷம் அம்மா தவறியதிலிருந்து மனசு சரியில்லை, நான் புனேயிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் அமைதி கிடைக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஏமாற்றம்தான் ஐயா. புத்த கயாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒலிபெருக்கி, ஆளுக்கொரு மொழியில் ஓதுகிறார்கள். வெளியே வந்தால் கையேந்தும் பிள்ளைகள் விடாமல் துரத்துகிறார்கள். குசிநகரில் ஒன்றுமே இல்லை, ஒரு படுத்த சிலை, ஒரு செங்கல் மேடு, அவ்வளவுதான். 'உனக்கு நீயே விளக்கு' என்று சொன்ன புத்தருக்கு இந்தத் தலங்கள் எதற்கு? பூடானோ ஜப்பானோ போயிருந்தால் அமைதி கிடைத்திருக்குமா? நல்ல பௌத்த ஆசிரியர் ஒருவரைச் சொல்ல முடியுமா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ஓட்டல் அறையில் வெந்நீர் வராததைப் பற்றி நாலு வரி இருக்கிறது, அம்மாவைப் பற்றி ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரி இல்லாவிட்டால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளாகவே குசிநகரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து அங்கே ஒன்றுமே இல்லை என்கிறீர்கள்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். பூடானா ஜப்பானா என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது, இரண்டும் நல்ல ஊர்கள், காசு இருந்தால் போய்வாருங்கள். ஒலிபெருக்கி எனக்கும் பிடிக்காது. ஆனால் அங்கே ஓதுகிறவர்கள் பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வருஷக்கணக்கில் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் வந்தவர்கள், நீங்கள் அமைதியாக உட்கார வேண்டும் என்பதற்காக அவர்கள் வாயை மூடிக்கொள்ள முடியாது. பிள்ளைகள் துரத்தினார்கள் என்றால் அவர்களுக்குப் பசி. அதை ஒரு சுற்றுலாப் புகார் மாதிரி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை.

'உனக்கு நீயே விளக்கு' என்பதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். புத்தரின் கடைசி நாட்களைச் சொல்கிற மகாபரிநிர்வாண சூத்திரத்தில், வைசாலிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கடும் நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்து தமக்குப் பணிவிடை செய்த சீடர் ஆனந்தரிடம் புத்தர் சொன்னது அது. அதே சூத்திரத்தில் சற்றுத் தள்ளி, பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் போதித்த இடம், மறையும் இடம் என்று நான்கைச் சொல்லி, சிரத்தை உள்ளவர்கள் இவற்றைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார். இரண்டையும் சொன்னவர் ஒருவர்தான். ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு அவரிடமே சண்டைக்குப் போகாதீர்கள்.

அந்த இடத்தில் பாலியில் இரண்டு சொற்கள் வருகின்றன. தஸ்ஸனீய, அதாவது பார்க்க வேண்டியவை. அடுத்தது சம்வேஜனீய. இந்த இரண்டாவது சொல்லில்தான் நான் பல மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். சம்வேகம் என்றால் நடுக்கம், உள்ளம் ஒரு கணம் குலுங்கிப்போவது. சாட்டையின் நிழல் பட்டதுமே துள்ளுகிற நல்ல சாதிக் குதிரையைச் சொல்லும்போதும் பாலி நூல்கள் இதே சொல்லைத்தான் எடுக்கின்றன. அந்த நான்கு இடங்களும் மனத்தை நடுங்க வைக்கக் கூடியவை என்பதுதான் அங்கே எழுதியிருப்பது. அமைதி கிடைக்கும் என்று உங்களுக்குச் சொன்னது யார்? ரயில் டிக்கெட்டும் அறையும் சேர்த்து விற்கிறவர்கள் சொன்னதை புத்தர் சொன்னதாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

பழைய யாத்திரிகர்கள் எழுதியதைப் பாருங்கள், யாரும் அமைதியாக இருந்ததாகத் தெரியவில்லை. சீனத் துறவி பாஹியான் 399-இல் சாங்கானிலிருந்து துணைகளோடு புறப்பட்டார். வழியில் சிலர் திரும்பிப் போனார்கள், ஒருவர் பனிமலையில் விறைத்துச் செத்தார். கடைசியில் சிராவஸ்தியின் ஜேதவனத்துக்கு வந்து நின்றபோது கூட இருந்தவர் ஒரே ஒருவர். புத்தர் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்த இடம் அது. கூட வந்தவர்களை நினைத்து, புத்தர் இல்லாத வெறும் இடத்தை இன்று பார்க்கிறோமே என்று மனம் வலித்ததாக எழுதியிருக்கிறார். வெறும் இடம், கே. நீங்கள் ஒன்றுமே இல்லை என்று எழுதியதும் அதைத்தான். அவருக்கு அது வலித்தது, உங்களுக்கு அது வசதிக் குறைவாகப் பட்டது. அப்புறம் அவர் இலங்கைக்குப் போய், அநுராதபுரத்தில் அபயகிரி விகாரையின் பச்சைக்கல் புத்தர் முன்னால் ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைப் பார்க்கிறார். சீனாவில் நெய்த பட்டு. பார்த்ததும் கண்ணீர் கொட்டிவிட்டது.

பின்னால் வந்த இன்னொரு சீனத் துறவி யுவான் சுவாங் போதி மரத்தடிக்கு வந்தபோது குப்புற விழுந்து அழுதார், புத்தர் ஞானம் அடைந்த நாளில் நான் எந்தப் பிறவியில் எங்கே உழன்றுகொண்டிருந்தேனோ என்று புலம்பினார் என்று அவருடைய சீடர் எழுதிய வரலாறு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் தாமதமாக வந்த மனுஷர் அவர். அந்தத் தாமதத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இனி குசிநகர், புத்தர் மறைந்த இடம். அங்கே ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவர் நீங்கள் இல்லை, ஆனந்தர். இந்தச் சின்ன மண் ஊரில், இந்த ஒதுக்குப்புற ஊரில் நீங்கள் மறையக் கூடாது, சம்பா இருக்கிறது, ராஜகிருகம் இருக்கிறது, வாராணசி இருக்கிறது என்று கெஞ்சுகிறார். அப்படிச் சொல்லாதே ஆனந்தா என்றுதான் பதில் வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் ஆனந்தர் உள்ளே போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன்தானே, என்மேல் இவ்வளவு கருணை வைத்த ஆசிரியர் போகப்போகிறாரே என்று. கூடவே இருந்து எத்தனையோ வருஷம் பணிவிடை செய்த மனுஷர். எந்தக் கதவைப் பார்த்தாலும் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

நீங்கள் செங்கல் மேடு என்று எழுதிய ராமாபார் ஸ்தூபம் இருக்கிறதே, அதுதான் உடலுக்கு எரியூட்டிய இடம். அந்த ஊரை ஆண்ட மல்லர்களின் தலைவர்கள் தீ வைக்கிறார்கள், பற்றவில்லை. புத்தரின் மூத்த சீடர் மகாகாசியபர் இன்னும் வந்து சேரவில்லை. பாவா என்ற ஊரிலிருந்து பிட்சுக்களோடு நடந்து வருகிறார், வழியில் எதிரே வந்த ஒரு ஆஜீவகர், அதாவது வேறு நெறித் துறவி, கையில் மந்தாரவப் பூவோடு, உங்கள் ஆசிரியர் போய் ஏழு நாள் ஆகிறதே என்கிறார். ஏழு நாள்! காசியபர் வந்து சிதையை மூன்று முறை சுற்றி, பாதத்தை மூடியிருந்ததை விலக்கி, அதில் தலையை வைத்து வணங்கிய பிறகுதான் தீ பற்றியது என்று சூத்திரம் சொல்கிறது. உடல் எரியவில்லை கே., தாமதமாக வருகிறவனுக்காக அது காத்திருந்தது. புனேயிலிருந்து கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதிய ஒருவர், அந்த மேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டு, செங்கல் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. யாரும் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லவில்லையே என்ற வருத்தம்.

நான் அங்கே போனது பல வருஷம் முன்னால், இதே ஜனவரியில். கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர், மூடுபனியில் ரோடே தெரியவில்லை. கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். சிலையின் நீளம் இருபது அடி, அகழ்வில் 1876-இல் கிடைத்தது, பீடத்தில் அரிபலன் என்பவர் கொடுத்ததாகக் கல்வெட்டு, என்று எழுதிக்கொண்டு சுற்றி வந்தேன். இலங்கையிலிருந்து ஒரு குழு வந்திருந்தது, எல்லோரும் வெள்ளை உடை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழுக்களை எழும்பூர் கென்னட் சந்தில் மகாபோதி சங்கத்தின் வாசலிலும் பார்க்கலாம், பெட்டிகளின்மேல் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் கொண்டுவந்த மஞ்சள் பட்டுத் துணியை எல்லோருமாகச் சேர்ந்து சிலைமேல் போர்த்தினார்கள். ஓதி முடித்து எல்லோரும் வெளியே போனபிறகு, எண்பது வயது இருக்கும், ஒரு பாட்டி மட்டும் காலடியில் நின்றார். கழுத்துவரை போர்த்தியதில் பாதம் வெளியே தெரிந்தது. துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து இரண்டு பாதத்தையும் மூடி ஓரத்தைச் செருகிவிட்டார், தூங்குகிறவருக்குச் செய்கிற மாதிரி. சிங்களத்தில் ஏதோ சொன்னார். தமிழ் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார், அவரிடம் கேட்டேன். "குளிருமே என்கிறார்" என்றார்.

அதன்பிறகு நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. காசியபர் பாதத்தை விலக்கிப் பார்த்தார், இந்தப் பாட்டி மூடினார், இரண்டும் எனக்கு ஒரே காரியமாகத்தான் படுகிறது, ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆசிரியரைக் கேட்டிருந்தீர்கள். அதிசர் என்ற பௌத்த ஆசிரியர் வங்காளத்திலிருந்து கப்பலேறி, மாதக்கணக்கில் கடலில் கிடந்து, சுமாத்ராவில் தர்மகீர்த்தியிடம் பன்னிரண்டு வருஷம் இருந்தார். பிறகு திபெத்தில், தம் ஆசிரியரின் அந்தப் பெயரைக் கேட்டாலே கைகூப்பி அழுவார் என்று அங்குள்ள மரபு சொல்கிறது. உங்கள் 'ஒன்றுமே இல்லாத' குசிநகரில் அரக்கானிலிருந்து வந்த சந்திரமணி என்ற பிட்சு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கருக்கு தீட்சை கொடுத்தவர் அவர்தான். வாரக் கடைசியில் வந்து போக ஒரு ஆசிரியரைச் சொல்லுங்கள் என்றால் என்னால் முடியாது. இப்போதைக்கு உங்களுக்கு ஆசிரியரும் வேண்டாம்.

மறுபடி போகிறதாக இருந்தால் நண்பர்கள் வேண்டாம், தனியாகப் போங்கள். ஐந்து ஊர் வேண்டாம், குசிநகர் மட்டும். ஜனவரி பனியில் ரயில்கள் கண்டபடி தாமதமாகும், பிப்ரவரி கடைசியில் போனால் நல்லது. இரண்டு ராத்திரி தங்குங்கள், சாயங்காலம் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள், அழுகை வந்தால் அடக்காதீர்கள்.

அதற்கு முன்னால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ஓட்டலைப் பற்றி வேண்டாம், அம்மாவைப் பற்றி. அவருடைய பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை.